சுருங்குவது வேறு, குன்றுவது வேறு

எங்கள் பகுதிப் பள்ளிக்கூடச் சுவரில் அவ்வப்போது ஓர் அறிவிப்பு ஒட்டப்படும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவும் நீக்கவும் திருத்தவும் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லும் அந்தத் தாளின் தலைப்பில் 'சிறப்பு சுருக்கமுறைத் திருத்தம்' என்ற தொடர் பெரிய எழுத்தில் இருக்கும். அதை வாய்விட்டுப் படித்த பெரியவர் ஒருவர், "இந்தத் தடவை யார் யார் பேரைச் சுருக்கப் போறாங்களோ?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. அந்தத் தொடரை முதன்முறை படிக்கிற எவருக்கும் அப்படித்தான் பொருள்படும். ஆனால் இங்கே சுருங்குவது பட்டியல் அன்று, நடைமுறை. வீடு வீடாகச் சென்று பட்டியலைப் புதிதாக எழுதாமல், கையில் இருக்கும் பட்டியலையே அடிப்படையாகக் கொண்டு சேர்த்தல் நீக்கல்களை மட்டும் செய்துமுடிப்பதால் அது சுருக்கமுறை. 2025-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய தீவிரத் திருத்தத்தின்போது ஒவ்வொரு வீட்டுக்கும் படிவம் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பதை நினைவில் கொண்டால், இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு எளிதில் விளங்கும். சுருக்கமுறையில் திருத்திய பட்டியல் முன்பிருந்ததைவிட நீண்டிருப்பதற்கும் தடை ஒன்றும் இல்லை.

சுருக்கு என்ற சொல்லைக் 'குறை' என்பதற்கு மாற்றாக நாம் அடிக்கடி வழங்கிவிடுகிறோம் என்பதும், அந்தச் சொல் இயல்பில் குறைத்தலைச் சொல்வதே இல்லை என்பதும்தான் இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புவது. அதன் உறவுச் சொற்களைப் பாருங்கள்: சுருள், சுருட்டு, சுருணை, கூந்தலுக்கு அடையாகப் பழைய பாட்டுகளில் வரும் சுரி. எல்லாவற்றிலும் இருப்பது உள்நோக்கி வளைதல், தன்னைத் தன்மேலேயே மடித்துக்கொள்ளுதல். பாயைச் சுருட்டினால் பாயில் ஒரு கோரைகூடக் குறைவதில்லை. அது அடைத்துக்கொண்டிருந்த இடந்தான் குறைகிறது. (புகையிலையைச் சுருட்டியதால் சுருட்டு ஆயிற்று, அந்தச் சொல்லை ஆங்கிலேயர் செரூட் என்று தங்கள் மொழிக்குக் கொண்டுபோனார்கள்.) சுருங்குதல் என்பதும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். ஒன்று தன் பரப்பை உள்ளே இழுத்துக்கொள்வதை அது சொல்கிறது. தன்னில் ஒரு பகுதியை இழப்பதைச் சொல்லவில்லை.

இலக்கண அமைப்பில் சுருங்கு தன்வினை, சுருக்கு பிறவினை. அடங்கு - அடக்கு, ஒடுங்கு - ஒடுக்கு, மடங்கு - மடக்கு, நெருங்கு - நெருக்கு, முடங்கு - முடக்கு என்று இந்த வாய்பாட்டில் தமிழில் பல இணைகள் உண்டு. மெல்லினம் வல்லினமாக மாறிய அளவிலேயே, தானே நிகழ்வது என்ற நிலை போய் ஒருவர் நிகழ்த்துவது என்ற நிலை வந்துவிடுகிறது. சிக்கல் பெயர்ச்சொல்லில்தான் தொடங்குகிறது. சுருங்குவதும் சுருக்கம், சுருக்குவதும் சுருக்கம். முகத்தில் விழுந்த சுருக்கம் தானாக வந்தது. கதைச்சுருக்கம் ஒருவர் செய்தது. 'செலவுச் சுருக்கம்' என்று எழுதினால் செலவு தானாகச் சுருங்கியதா, யாரேனும் சுருக்கினார்களா என்று தெரிவதில்லை. அலுவலக மடல்களில் இந்தத் தெளிவின்மை சிலருக்கு வசதியாகவும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இடமோ அளவோ நெருக்கப்படுவதைச் சொல்லத் தமிழில் சொற்கள் பல. அவற்றைப் பிரித்தறிய நான் கையாளும் வழி, ஒவ்வொன்றுக்கும் எதிர்ச்சொல்லைத் தேடுவது. குறுகு என்பதற்கு எதிர் அகலு, அல்லது நீளு; ஆகவே அது ஒரே திசையில் அளவிடுவதைப் பற்றிய சொல். சந்து குறுகும், கால இடைவெளி குறுகும். 'அருகே குறுகினான்' என்று கிட்ட வருதலுக்கும் அதே சொல் வழங்குகிறது. இருவருக்கும் இடையிலுள்ள தொலைவு குறுகுவதால் அந்தப் பொருள் வந்திருக்க வேண்டும். இறுகு என்பதற்கு எதிர் இளகு அல்லது தளர். எனவே அது அளவைப் பற்றிய சொல்லே அன்று, பிடிப்பையும் கெட்டித்தன்மையையும் பற்றிய சொல். கம்பிவடத்தை இறுக்கினாலும் திருகை இறுக்கினாலும் பொருளின் அளவில் மாற்றம் பெரிதாக இல்லை. விடாமல் பற்றுவதில்தான் மாற்றம். ஒடுங்கு என்பது உள்ளே போய் மறைதல். 'தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்' என்று 828-ஆம் குறளில் வள்ளுவர் சொல்வது கும்பிட்ட கைக்குள் ஆயுதம் ஒளிந்திருப்பதை. அந்தக் கத்தி சிறுத்துப் போவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. சுருங்கு என்பதற்கோ எதிர்ச்சொல் விரி. குடை, இறகு, மார்பு, பூவிதழ், பேச்சு என்று எது விரியுமோ அதுதான் சுருங்கும். மறுபடி விரிய வழியில்லாததைச் சுருக்கம் என்று சொன்னால் சொல் தன் இடத்தை விட்டு நழுவிவிட்டது என்று பொருள்.

இந்த இயல்பைக் கையால் தொட்டு அறிய வேண்டுமானால் சுருக்குப்பை போதும். வாயோரத்து மடிப்பில் ஓடும் நாடாவின் இரு முனைகளையும் இழுத்தால் வாய் மூடிக்கொள்கிறது. காசும் வெற்றிலையும் பாக்கும் உள்ளே அப்படியே இருக்கின்றன. சுருக்குக் கண்ணியிலும் இதே செயல்தான் நடக்கிறது. கண்ணியில் அகப்பட்ட முயல் திமிறத் திமிற வளையம் சுருங்கிக்கொண்டே வருகிறது, ஆனால் கயிற்றின் நீளம் ஒரு விரற்கடைகூடக் குறைவதில்லை. பாவாடை தைப்பவர்கள் இடுப்புப் பக்கம் சுருக்கம் வைப்பதும் இப்படித்தான். நான்கு முழத் துணியை இடுப்பளவுக்குள் அடக்குகிறார்களே ஒழிய வெட்டிக் குறைப்பதில்லை. வெட்டிவிட்டால் பாவாடை கீழே விரியாது.

இந்தச் சொல்லைத் தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் செய்தித்தாள்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் கொண்டு சென்றவர்கள் மீனவர்கள். சுருக்குமடி வலை என்பது அவர்கள் பேச்சில் உள்ள பெயர். மடி என்றால் மீன் சேர்ந்து தங்கும் வலைப்பகுதி. இழுவைமடி, இரட்டைமடி என்று வேறு வலைகளின் பெயர்களிலும் அது உண்டு. சுருக்குமடி வலை கடலில் முதலில் ஒரு சுவரைப் போல நிற்கிறது. மேல்விளிம்பில் மிதவைகள், கீழ்விளிம்பில் ஈயக் குண்டுகள், அவற்றை ஒட்டி வரிசையாக வளையங்கள், அந்த வளையங்களின் ஊடே ஓடும் நீண்ட கயிறு ஒன்று. மத்தி, கவலை, கானாங்கெளுத்தி போல நீரின் மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும் மீன்களைக் கண்டதும் படகு அந்தக் கூட்டத்தைச் சுற்றி வட்டமடித்து வலையை இறக்குகிறது. வட்டம் முடிந்த கணத்தில் மீன்களுக்கு நான்கு பக்கமும் அடைபட்டிருக்கும், ஆனால் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். ஆழத்தை நோக்கி அவை தப்பிவிடலாம். வளையங்களின் வழியே செல்லும் கயிற்றை இழுத்து அடியைச் சுருக்கிய பிறகுதான் அந்தச் சுவர் மடியாகிறது. வலையின் பெயரில் சுருக்கு, மடி என்ற இரண்டு சொற்களும் வேலை நடக்கும் அதே வரிசையில் நிற்பதைக் கவனிக்க வேண்டும்: முதலில் சுருக்கு, அதன் விளைவாக மடி. தொழில் செய்பவர்கள் வைத்த பெயர்களில் இந்த ஒழுங்கைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். குழு அமைத்து ஆக்கிய கலைச்சொற்களில் இது அரிதாகவே அமைகிறது.

மீன் கூட்டம் முழுவதையும் குஞ்சோடும் குளுவானோடும் ஒரே வளைப்பில் அள்ளிவிடும் வலை இது என்பதால், சிறு படகுகளில் தொழில் செய்வோர் இதை எதிர்த்தார்கள். தமிழ்நாடு அரசு 2000-ஆம் ஆண்டில் இதற்குத் தடை விதித்தது. கடன் வாங்கிப் படகும் வலையும் வாங்கிவிட்டவர்கள் தடையை நீக்கக் கோரிப் போராடினார்கள். கடலூர், நாகை, மயிலாடுதுறைக் கடற்கரை ஊர்களில் ஆதரவு ஊர், எதிர்ப்பு ஊர் என்று பிரிந்து நிற்கும் அளவுக்கு அந்தப் பூசல் போயிற்று. 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் ஆகிய இரு நாள் மட்டும் நிபந்தனைகளுடன் இவ்வலையைப் பயன்படுத்தலாம் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சொல்லைப் பற்றிய பதிவில் நான் குறிக்க விரும்புவது இதுதான்: எதிர்ப்பவர்களின் குற்றச்சாட்டே, இந்த வலையில் எதுவும் வெளியே போக முடியாது, எல்லாமே உள்ளே தங்கிவிடுகிறது என்பது. சுருக்கு என்ற சொல்லின் இலக்கணம் அந்த முறையீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

பேச்சையும் எழுத்தையும் சுருக்குவது பற்றி நன்னூல் சொல்லியிருப்பதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய அந்த நூலின் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தும், நூலுக்கு வேண்டிய அழகுகள் பத்தும் அடுத்தடுத்த நூற்பாக்களில் சொல்லப்படுகின்றன. குற்றங்களில் முதலாவது 'குன்றக் கூறல்'. அழகுகளில் முதலாவது 'சுருங்கச் சொல்லல்'. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் சொற்கள் குறைகின்றன. ஒன்று குற்றப் பட்டியலின் தலையிலும் மற்றொன்று அழகுப் பட்டியலின் தலையிலும் நிற்பதால், அந்த இரண்டு வினைகளுக்கும் நடுவிலுள்ள வேறுபாட்டை நூலாசிரியர் எத்தனை முதன்மையாகக் கருதினார் என்பது புலப்படுகிறது. குன்றக் கூறுபவர் சொல்ல வேண்டிய பொருளில் ஒரு பகுதியை விட்டுவிடுகிறார். சுருங்கச் சொல்பவர் சொற்களை மட்டும் சுருக்குகிறார், பொருளை விடுவதில்லை. அதனால்தான் சுருங்கச் சொல்லலை அடுத்து உடனே 'விளங்க வைத்தல்' வருகிறது. சுருக்கியது கேட்பவர் மனத்தில் விரிய வேண்டும். விரியாவிட்டால் சுருக்கியவர் உண்மையில் குன்றக் கூறிவிட்டார். இன்று நாளிதழ்களில் 'சுருக்கமாக' என்று தலைப்பிட்டு வரும் நாலு வரிச் செய்திகளில் பாதி, நன்னூலார் கணக்கில் முதல் பட்டியலுக்குத்தான் போகும்.

சுருக்கெழுத்து இதற்கு மாறான நேர்மையுடைய கலை. ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்ட முறை ஒலிகளை அடிப்படையாகக் கொண்டது. மெய்யொலிகளுக்குச் சிறு கோடுகளும் வளைவுகளும், உயிரொலிகளுக்குப் புள்ளிகளும் சிறு கீற்றுகளும் உண்டு. வேகமாக எழுதும்போது உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆனால் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்ததும், சொன்னவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் உயிரும் மெய்யுமாகத் திரும்பி வர வேண்டும். ஒரு சொல் தவறினாலும் பிழைதான். தாளில் சுருங்கியது தாளிலேயே விரிந்தாக வேண்டிய கட்டாயம் உள்ள ஒரே எழுத்து வேலை இது என்பேன். தமிழ்நாட்டுத் தேர்வாணைய அறிவிப்புகளில் 'சுருக்கெழுத்து தட்டச்சர்' என்ற பதவிப் பெயர் இன்றும் வருகிறது. சுருக்குதலும் விரித்தலும் ஒரே பெயரில் ஒட்டி நிற்கின்றன. அந்தப் பெயரைக் குறுக்கி 'ஸ்டெனோ' என்று பேச்சில் சொல்லும்போது விரிக்கும் பாதி விடுபட்டுப் போகிறது.

கணினித் துறையில் கோப்புகளைச் சுருக்குவது பற்றி எழுதுகிறவர்கள் நன்னூலாரின் இந்த இரட்டைச் சொற்களைக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சிப் கோப்பாகச் சுருக்கிய ஆவணத்தை விரித்தால் ஒரு எழுத்தும் மாறாமல் முழுமையாகத் திரும்பக் கிடைக்கிறது. திரும்பத் திரும்ப வரும் பகுதிகளுக்குக் குறிப்பு எழுதிவைத்து இடத்தை மிச்சப்படுத்தும் முறை அது. ஜேபெக் படங்களில் நடப்பது வேறு. மனிதக் கண் எளிதில் கண்டுபிடிக்காத நுண்ணிய நிற வேறுபாடுகளைக் கணக்கிட்டு நீக்கிவிடுவதால் அந்தக் கோப்பு சிறுக்கிறது. நீக்கியது நீக்கியதுதான், அதை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது. இரண்டையும் 'சுருக்கம்' என்ற ஒரே சொல்லால் குறித்துவிட்டு, பின்னர் 'இழப்பற்ற', 'இழப்புள்ள' என்று அடைகளை ஒட்டிச் சமாளிக்கிறோம். முதலாவதைச் சுருக்கல், இரண்டாவதைக் குன்றல் என்று பிரித்திருந்தால் அடைமொழிகளுக்கே வேலை இருந்திருக்காது. உயிரியல் பாடநூல்களில், மனிதரின் இனப்பெருக்கச் செல்கள் உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கை 46-இலிருந்து 23-ஆகப் பாதியாவதைக் 'குன்றல் பகுப்பு' என்று சரியாகவே பெயரிட்டிருக்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் அதே நிகழ்வுக்கு 'ஒடுக்கற்பிரிவு' என்று பெயர். இந்த ஓரிடத்தில் நம் பாடநூல் சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, எனக்கு எதிராக நிற்கும் ஒரு சான்றையும் பேசியாக வேண்டும். 'பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு' என்பது 963-ஆம் குறள். இங்கே பெருக்கம் செல்வம் மிக்க நிலை, சுருக்கம் செல்வம் குறைந்த நிலை. அப்படியானால் வள்ளுவர் காலத்திலேயே சுருக்கம் என்றால் குறைவு என்று ஆகிவிட்டதே என்று கேட்கலாம். கேட்பது நியாயம்தான், செல்வம் போனால் போனதுதான், மடித்து உள்ளே வைத்திருப்பதாகச் சொல்ல முடியாது. ஆயினும் பெருக்கம், சுருக்கம் என்ற இரண்டும் இந்தக் குறளில் ஏறி இறங்கும் நிலைகளாக இணைந்து வருகின்றன. வறுமை என்றோ இன்மை என்றோ சொல்லாமல் சுருக்கம் என்று சொன்னதில், அந்த நிலை மறுபடி பெருகக்கூடியது என்ற குறிப்பு இருப்பதாக நான் படிக்கிறேன். இது என் வாசிப்பு. எதுகைக்காக வந்த சொல் என்று ஒருவர் மறுத்தால் அவரிடம் வாதாட என்னிடம் வேறு சான்று இல்லை.

வள்ளுவரிடம் தயங்கி நிற்கும் நான், பொருளாதாரச் செய்தி எழுதுகிறவர்களிடம் தயங்கப் போவதில்லை. 2020 ஏப்ரல் முதல் சூன் வரையிலான காலாண்டில் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 சதவீதம் குறைந்ததாக முதல் மதிப்பீடு வெளிவந்தபோது, பல இடங்களில் 'பொருளாதாரம் சுருங்கியது' என்று எழுதினார்கள். கடைகள் பூட்டிக் கிடந்தன, ஆலைகள் ஓடவில்லை, செய்திருக்க வேண்டிய பொருள்கள் செய்யப்படவே இல்லை. செய்யப்படாத பொருள் எங்கும் சுருண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 'குறைந்தது', 'வீழ்ந்தது' என்ற எளிய சொற்கள் கையில் இருக்கையில், இழப்பின் கூர்மையை மழுக்கும் சொல்லைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. அதேபோல, 'விதிகள் இறுக்கப்பட்டன' என்று எழுத வேண்டிய இடத்தில் 'சலுகைகள் சுருக்கப்பட்டன' என்று வரும்போதெல்லாம் அந்தச் சலுகைகளில் எவை போயின, எவை இருக்கின்றன என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒலியை மட்டும் பார்த்து இந்தக் குடும்பத்தில் சேர்க்கக்கூடாத சொல் ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக்குள் போகும் வழியைச் சொல்லும்போது, 'பெருங்கை யானை இனநிரை பெயரும் சுருங்கை வீதி' என்று இளங்கோ பாடுகிறார். சுருங்கை என்றால் நிலத்தின் கீழ் அமைத்த, மேலே மூடிய வழி. சுருங்கு என்பதிலிருந்து வந்த குறுகலான வழி என்று பொருள்கொள்ளத் தோன்றும். ஆனால் அதே அடியில் யானைகள் கூட்டமாக அதன் வழியே போகின்றன! குழாய், சுரங்கவழி ஆகிய பொருள்களில் கிரேக்கத்தில் வழங்கிய சிரிங்ஸ் என்ற சொல்லோடு இதைத் தொடர்புபடுத்தி, யவனர் உறவின் வழியே இந்தியாவுக்கு வந்த சொல் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இன்று நாம் வழங்கும் சுரங்கம் அதற்கு உறவு.

விரைவைக் குறிக்கும் 'சுருக்காக' மட்டும் மிச்சம். 'சுருக்கா வந்துடு' என்று தமிழ்நாட்டில் பல வட்டாரங்களில் சொல்கிறோம். நேரம் சுருங்குவதால் இப்படி வந்தது என்று விளக்கம் சொல்வதும் எளிது. யாழ்ப்பாணத்தார் எழுதும்போது அதையே 'சுறுக்காய்' என்று வல்லின றகரம் இட்டு எழுதுவதைக் காணலாம். அவர்கள் எழுத்தை நம்பினால் அந்தச் சொல்லுக்கு உறவு சுருக்குப்பை அன்று, சுறுசுறுப்பு. ரகர றகர வேறுபாடு தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்டதால், நம் செவியை இதற்குச் சான்றாகக் கொள்வதில் பயனில்லை. நான் இப்போதெல்லாம் 'சுறுக்காக' என்றே எழுதுகிறேன். மெய்ப்புத் திருத்துபவர்கள் அதைப் பிழையென்று ரகரமாக மாற்றிவிடுகிறார்கள், நானும் மறுபடி றகரம் இட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.